மூன்றாவது போட்டோ

இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் புத்தகங்களைப் பற்றித்தான் எழுதுவேன். எப்போதாவது சினிமா. இந்த வாரம் மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நோட்டீஸ். ஒரே தாள், இரண்டு பக்கம், மஞ்சள் கலர். விலை: இலவசம். முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வளைகாப்புக்காக ராஜபாளையம் போயிருந்தேன். மறுநாள் மதினியும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். ஆண்டாள் கோயில், அப்புறம் பால்கோவா. அதுதான் ப்ரோகிராம். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே நீண்டு, மடியில் தாளைப் போட்டுவிட்டுப் போனது. நான் கசக்கப் போனேன். மதினி அதை வாங்கி, நாலாக மடித்து, பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு மதினி?"

"இருக்கட்டும் தம்பி. போன் நம்பர் போட்டிருக்கான்ல."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மதினிக்கு 46 வயது. பல வருஷம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். வரிசையாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே நூல் அறுகிறதோ அங்கே போய் ஒட்ட வேண்டும். ஒரு ஷிப்டுக்குள் பல கிலோமீட்டர் நடை. அதை யாரும் 'வாக்கிங்' என்று சொல்லவில்லை, வேலை என்றார்கள். இப்போது அவர் பேண்டேஜ் துணி மடித்துப் பாக்கெட் போடுகிற இடத்தில் இருக்கிறார். உட்கார்ந்த வேலை. வேலை மாறிவிட்டது. தட்டில் சோற்றின் அளவு மாறவில்லை. போன மாசம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை 'பார்டர்ல இருக்கு' என்று சொல்லியிருக்கிறார்கள். அவருடைய அம்மா சர்க்கரை வியாதியில் ஒரு காலை இழந்தவர். மதினி எதற்குப் பயப்படுகிறார் என்று இப்போது புரியும்.

ஆகவே நோட்டீஸைக் கேட்டு வாங்கிப் படித்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். இதே வாசகங்களோடு பல நோட்டீஸ்கள் உங்கள் வீட்டு பேப்பருக்குள் இருந்தும் விழுந்திருக்கும்.

முதல் வரி, கொட்டை எழுத்தில்: '30 நாளில் 10 கிலோ குறையும்!'

நான் பி.காம். எனக்கு மருத்துவம் தெரியாது. கூட்டல் கழித்தல் தெரியும். உடம்பில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பைச் செலவழிக்க ஏறக்குறைய 7,700 கலோரி பற்று எழுத வேண்டும். பத்து கிலோவுக்கு 77,000. முப்பது நாளில் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 2,570. உட்கார்ந்த வேலை பார்க்கிற, மதினி வயதுப் பெண்ணுக்கு நாள் முழுக்க ஆகிற மொத்தச் செலவே சுமார் 1,900 கலோரிதான். மதினி முப்பது நாளும் பச்சைத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தாலும், கணக்குப்படி ஏழரை கிலோ கொழுப்புக்கு மேல் கரையாது. நோட்டீஸ்காரர் ஒரு டம்ளர் பவுடரில் பத்து கிலோ என்கிறார். எந்த ஆடிட்டரும் இதில் கையெழுத்துப் போடமாட்டார்.

'இல்லை சார், எனக்கே முதல் வாரம் மூன்று கிலோ குறைஞ்சுதே' என்று உங்களில் யாராவது சொல்லலாம். குறைந்திருக்கும். எடை மெஷின் பொய் சொல்லவில்லை. ஆனால் அது எதைக் கழித்தது என்று சொல்லவும் இல்லை. நம் கல்லீரலிலும் தசையிலும் கொஞ்சம் சர்க்கரைச் சத்து கையிருப்பாக இருக்கும். அது தன் எடையைப்போல மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினி கிடந்தால் முதலில் காலியாவது இந்தக் கையிருப்பு. கூடவே தண்ணீரும் போய்விடும். மறுபடி சாப்பிட்டதும் இரண்டும் திரும்பி வந்துவிடும். எடை வேறு, கொழுப்பு வேறு. நோட்டீஸ் முழுக்க 'கிலோ' என்ற வார்த்தை ஒன்பது இடத்தில் வருகிறது. கொழுப்பு ஒரு இடத்தில்தான் வருகிறது.

இரண்டாவது வரி: 'உடற்பயிற்சி தேவையில்லை.'

இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும். எழுபது கிராம் பால்கோவா அதை நேர் செய்துவிடும். சாப்பாட்டைத் தொடாமல் நடந்து மட்டும் இளைத்துவிடலாம் என்றால் நடக்காது. ஆனால் நடக்காமல், தசைக்கு வேலை கொடுக்காமல், வயிற்றை மட்டும் காயப்போட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். கடையை நடத்துகிற மெஷினை விற்றுக் கடனை அடைக்கிற மாதிரி. கடன் குறையும், வாஸ்தவம். அடுத்த மாசம் சம்பாதிக்க என்ன இருக்கும்? தசை குறைந்த உடம்புக்கு தினச் செலவும் குறைந்துவிடும். பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் வரவு முழுக்கக் கொழுப்பாக நிற்கும்.

அது சரி, 'கரைகிற' கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையில் என்பார்கள். அதனால்தான் வேர்க்க வைக்கிற பெல்ட் விற்கிறது. 2014இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரண்டு பேர் இதைக் கணக்குப் போட்டு ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். பத்து கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியே போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீர். இளைப்பது என்பது பெரும்பாலும் மூச்சுவிட்டு இளைப்பதுதான். அதற்காகச் சும்மா உட்கார்ந்து வேக வேகமாக மூச்சுவிடாதீர்கள். மயக்கம்தான் வரும். எரிந்தால்தான் புகை.

மூன்றாவது வரி: 'தொப்பையை மட்டும் தனியாகக் குறைக்கும்.'

டென்னிஸ் விளையாடுகிறவர்கள் ஒரே கையால் வருஷக்கணக்கில் அடிக்கிறார்கள். அந்தக் கையில் மட்டும் கொழுப்பு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 1971இல் அளந்து பார்த்தார்கள். இரண்டு கையிலும் தோலுக்கு அடியில் கொழுப்பு ஒரே அளவு. உடம்பு தன் கொழுப்பைப் பொதுக் கணக்கில்தான் எடுக்கும். நீங்கள் சொல்கிற கிளையில் மட்டும் எடுக்காது.

ஆனால் தொப்பையைப் பற்றி நோட்டீஸ்காரருக்கு இருக்கிற அக்கறையில் தப்பில்லை. கைகால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் நிற்பது நம் நாட்டு உடல்வாகு. வயிற்றுக்குள் சேர்கிற கொழுப்புதான் சர்க்கரை, மாரடைப்புக்கெல்லாம் வாசல். அதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவில் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. ஐ.சி.எம்.ஆர். நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், நூறு பேரில் 39 பேருக்கு மேல் இந்த வகையில் வயிறு பெருத்தவர்கள். நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கு மேல். மதினியைப் போல 'பார்டரில்' நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். இதை அளக்க 4,500 ரூபாய் பேக்கேஜ் வேண்டாம். டெய்லர் டேப் போதும்.

அடுத்து, போட்டோ. இந்த வகை இலக்கியத்தின் உயிரே அதுதான். இடது பக்கம் முகம் தொங்கிய குண்டுப் பெண், கீழே 'முன்'. வலது பக்கம் அதே பெண், சிரித்தபடி, பெரிய சைஸ் சுடிதாரை இழுத்துக் காட்டிக்கொண்டு, கீழே 'பின்'. அந்த இரண்டு படமும் அசல் என்றே வைத்துக்கொள்வோம். என் கேள்வி வேறு. மூன்றாவது போட்டோ எங்கே? இரண்டு வருஷம் கழித்து எடுத்தது?

அமெரிக்காவில் எடை குறைக்கிற போட்டி ஒன்றை டி.வி.யில் நடத்தினார்கள். 'தி பிக்கஸ்ட் லூஸர்' என்று பெயர். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்து விஞ்ஞானிகள் தேடிப்போய் அளந்தார்கள். 2016இல் முடிவு வந்தது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், 41 கிலோவைத் திரும்பப் போட்டிருந்தார்கள். அதைவிடக் கொடுமை, அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கிற கலோரி, அந்த எடைக்கு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 குறைவாகவே இருந்தது. பஞ்சத்தில் அடிபட்ட குடும்பம் மழை வந்த பிறகும் சிக்கனமாக இருப்பதில்லையா, அப்படி.

ஊசிக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். 2025இலிருந்து நம் ஊர் மருந்துக் கடைகளிலும் எடை குறைப்பு ஊசி பேச்சாகிவிட்டது. அது நோட்டீஸ் பவுடர் மாதிரி அல்ல. ஆராய்ச்சி செய்த அசல் மருந்து, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. ஆனால் அதிலும், ஊசியை நிறுத்தி ஒரு வருஷத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக 2022இல் ஓர் ஆய்வு சொன்னது.

மதினியிடம் மெதுவாகக் கேட்டேன். "இதுக்கு முன்னாடி ஏதாச்சும் வாங்கினீங்களா?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு தடவை. உங்க அண்ணனுக்குத் தெரியாது. ஆறு கிலோ குறைஞ்சுது. அப்புறம் எட்டு ஏறிருச்சு."

நோட்டீஸில் இல்லாத மூன்றாவது போட்டோ என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது.

இன்னொரு விஷயம். 1954ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சில நோய்களுக்குத் தீர்வு என்று மருந்தை விளம்பரம் செய்யவே கூடாது என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதில் சர்க்கரை வியாதியும் உண்டு, உடல் பருமனும் உண்டு. அதனால்தான் நோட்டீஸின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில், 'இது மருந்தல்ல, உணவு' என்று இருக்கிறது. மேலே மருந்து, கீழே உணவு. நடுவில் நம் 4,500.

இவ்வளவு திட்டிவிட்டேன். விமர்சகன் நல்லதையும் சொல்ல வேண்டும். இந்த நோட்டீஸின் தமிழ் அருமை. 'அன்புச் சகோதரி, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? பழைய ஜாக்கெட் சேரவில்லையா?' என்று ஆரம்பிக்கிறது. மதினியை உட்கார வைத்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. டாக்டர் கேட்கவில்லை. 'வெயிட்டைக் குறைங்கம்மா' என்று ஒரு வரி சொன்னார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது.

எங்களைப்போலப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் கேட்டோமா? ஓட்ஸ் சாப்பிடுங்கள், ஆலிவ் ஆயில் ஊற்றுங்கள், ஜிம்முக்குப் போங்கள் என்று எழுதுகிறோம். காலை ஆறு மணிக்கு மூன்று பேருக்கு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு எட்டரைக்கு வேலைக்கு ஓடுகிற பெண்ணுக்கு அதில் என்ன இருக்கிறது? வெப்பத்தில் வந்தவனுக்கு ஏ.சி. ரூம் படத்தைக் காட்டுகிற மாதிரி. நாங்கள் காலியாக விட்ட இடத்தில்தான் நோட்டீஸ்காரர் கடை போட்டிருக்கிறார்.

போதாக்குறைக்கு, நாங்கள் ஒரு வில்லனையும் பிடித்து வைத்திருக்கிறோம். இனிப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் மதினி சொன்னார். "கோவா உங்களுக்கு மட்டும் வாங்கிக்கோங்க தம்பி. நான் தொடமாட்டேன்." தண்டனை அனுபவிக்கிற குரல். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். பசும்பாலும் சர்க்கரையும், விறகு அடுப்பும், கிண்டுகிற கையும். வேறு ரகசியம் கிடையாது. பாலையும் சர்க்கரையையும் வைத்து நான் போட்ட கணக்கில், ஐம்பது கிராம் பால்கோவா சுமார் 175 கலோரி. மதினி இங்கே வருவது மாசத்துக்கு ஒரு தடவைகூட இல்லை. அவர் தினம் குடிப்பது நாலு டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. நாளுக்கு 160 கலோரி, மாசத்துக்கு 4,800. பால்கோவா கல்யாண மொய் மாதிரி, எப்போதோ ஒரு தடவை. டீயில் கரைகிற சர்க்கரை மாச வட்டி. நாம் மொய்யைப் பார்த்துப் பயப்படுகிறோம்.

அதைவிடப் பெரிய செலவு சோறு. இந்தியர்கள் சாப்பிடுகிற நூறு கலோரியில் சுமார் 62 மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வுக் குழுவின் 2025ஆம் வருஷத்துக் கட்டுரை சொல்கிறது. அதிலும் தீட்டிய வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரைதான் நிறைய. மதினி வீட்டில் ராத்திரிச் சோறு மலை மாதிரி இருக்கும். பக்கத்தில் காய் ஒரு கரண்டி, பருப்பு கண்ணுக்குத் தெரியாது. மலையைப் பாதியாக்கி, காயை இரண்டு கரண்டியாக்கி, ஒரு முட்டையோ சுண்டலோ சேர்க்கலாம். கொத்தவரங்காயும் கீரையும் தட்டைப்பயறும் ராஜபாளையம் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். பார்சலில் வரவழைக்க வேண்டியது எதுவும் இல்லை.

கோயிலில் நிற்கும்போது ஒன்று தோன்றியது. இந்த ஊர்ப் பெண் எழுதிய திருப்பாவையும் ஒரு நோன்பைப் பற்றியதுதான். இரண்டாவது பாட்டிலேயே நெய்யும் பாலும் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இருபத்தேழாவது பாட்டில், நெய் முழங்கை வரை வழிகிற பால்சோற்றை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பக்தி விஷயத்தைப் பெரியவர்கள் சொல்லட்டும். நான் பார்த்தது வேறு. அந்த நோன்பில் யாரும் தனியாக இல்லை. வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பண்டம் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். நம் மதினிகள் தனியாக, புருஷனுக்குத் தெரியாமல், வெட்கத்தோடு இளைக்கப் பார்க்கிறார்கள்.

"நடக்கலாம்ல மதினி?" என்று நானும் அந்த டாக்டர் மாதிரியே கேட்டேன்.

"எங்க தம்பி நடக்க? விடியக்காலம் தெருவுல எறங்கினா நாய் வெரட்டுது. ஆறு மணிக்கு மேலன்னா டீக்கடையில இருக்கவனெல்லாம் பாக்கான்."

ராஜபாளையத்தில் நாய்க்குப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் துரத்துவது தெரு நாய்கள். 2005இல் தபால் தலையில் வந்த அந்த வெள்ளை வேட்டை நாய் அல்ல. ஒட்டிய வயிறு, நீண்ட கால். அதற்கு யாரும் டயட் சார்ட் எழுதிக் கொடுத்ததில்லை. ஓட இடம் இருந்தது. அதே ஜாதி நாயை அபார்ட்மென்ட்டில் கட்டிப்போட்டு பிஸ்கட் கொடுத்தால் அதற்கும் தொப்பை விழும்.

ஆக, நோட்டீஸும் சொல்லாத, நாங்களும் எழுதாத விஷயம் இதுதான். இளைப்பதற்கு மன உறுதி மட்டும் போதாது. இடம் வேண்டும், துணை வேண்டும்.

சென்னையில் ஏஷியாட் காலனி என்று ஒரு குடியிருப்பு. டாக்டர் வி. மோகன் குழுவினர் 1990களின் பிற்பாதியில் அங்கே ஆய்வு செய்தபோது, வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். சர்க்கரை, மாரடைப்பு பற்றித் தொடர்ந்து எடுத்துச் சொன்னார்கள். பிறகு காலனிக்காரர்களே கைக்காசு போட்டு ஒரு பார்க் கட்டினார்கள். சில வருஷம் கழித்துப் பார்த்தபோது அது நூற்றுக்கு 58 ஆகியிருந்தது. 2006இல் இதை எழுதினார்கள்.

அதே 2006இல் இன்னொரு சென்னை ஆய்வு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், மதினியைப் போல 'பார்டரில்' இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். சும்மா விட்ட பிரிவில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. சாப்பாட்டை மாற்றி, தினம் அரை மணி நேரம் நடந்த பிரிவில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் முக்கியமான விஷயம், நடந்தவர்களின் எடை ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. மெஷினில் முள் அசையாவிட்டாலும் உள்ளே கணக்கு மாறியிருந்தது. கிலோவை மட்டும் பார்க்கிறவன் இந்த லாபத்தை நஷ்டம் என்று எழுதிவிட்டு நடையை நிறுத்தியிருப்பான்.

தமிழக அரசு 2023இல் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. நல்ல விஷயம். ஆனால் மதினிக்கு எட்டு கிலோமீட்டர் வேண்டாம். தெரு முனையில் எண்ணூறு மீட்டர் வெளிச்சம் போதும்.

திரும்பும்போது கால் கிலோ பால்கோவா வாங்கினோம். மதினிக்கு ஒரு ஸ்பூன் எடுத்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் வேண்டாம் என்றார். அப்புறம் சாப்பிட்டார். நோட்டீஸைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். "நீங்களே வச்சுக்கோங்க, எழுதணும்னீங்கள்ல" என்றார். நம்பரை வேறெங்காவது எழுதி வைத்துக்கொண்டாரா என்று கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா, எதிர்வீட்டு டீச்சர், மதினி, மூன்று பேருமாகப் பக்கத்து ஸ்கூல் கிரவுண்டில் சாயங்காலம் நடக்கிறார்களாம். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுகிறார். கையில் ஒரு குச்சி, நாய்க்கு.

"வெயிட்டு அப்படியேதான் இருக்கு தம்பி. இடுப்பு மட்டும் தொண்ணூத்தி நாலு இருந்தது, தொண்ணூத்தி மூணு ஆயிருக்கு. ஒரு சென்டிமீட்டர்தான்."

குரலில் ஏமாற்றம் இருந்தது. அந்த ஒரு சென்டிமீட்டரை நிறுத்தாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

அளந்ததில்லை என்று சொல்லி போனை வைத்தேன். அப்புறம் வீட்டு டெய்லர் டேப்பைத் தேடி எடுத்து, மூச்சை உள்ளே இழுக்காமல், நேர்மையாக அளந்தேன்.

98.